கல்முனைக் கடற்கரைப்பள்ளியும் அம்மம்மாவின் நேர்த்திக் காசும்

அம்மம்மாவின் முப்பத்தொன்று முடிந்த பிறகு அவருடைய பெட்டகத்தைத் திறந்து சாமான்களைப் பிரித்தோம். சேலைகள், அடையாள அட்டை, பழைய நிவாரண அட்டை, மாமாவின் பாடசாலைப் புகைப்படம் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு அடியில் மஞ்சள் பூசிய வெள்ளைச் சீலைத் துண்டில் முடிந்த காசு கிடந்தது. அவிழ்த்துப் பார்த்தேன். ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டு, இரண்டு ரூபாய்க் குற்றி மூன்று, ஒரு ரூபாய்க் குற்றி ஐந்து. மொத்தம் இருபத்தொரு ரூபாய். ஐந்து ரூபாய்க் குற்றிகளில் 1984 என்று பொறித்திருந்தது.

கோயில் காசாக இருக்கும் என்று நினைத்து, எந்தக் கோயிலுக்கு என்று அம்மாவிடம் கேட்டேன்.

“கோயிலுக்கில்ல. அது கடற்கரைப்பள்ளிக் காசு. மாமா திரும்பி வந்தா குடுக்க எண்டு முடிஞ்சது” என்றார் அம்மா.

எங்கள் குடும்பம் இந்துக் குடும்பம். கல்முனைக்கு வடக்கே உள்ள ஒரு தமிழ்க் கிராமம்தான் எங்கள் ஊர். 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் ஒரு சுற்றிவளைப்பின்போது கொண்டு செல்லப்பட்ட மாமா திரும்பி வரவில்லை. அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, தனக்குத் தெரிந்த எல்லாத் தெய்வங்களுக்கும் அம்மம்மா நேர்ந்திருக்கிறார். அந்தப் பட்டியலில் கல்முனைக்குடிக் கடற்கரையில் உள்ள ஒரு பள்ளிவாசலும் இருந்திருக்கிறது.

கிழக்கில் பிறந்து வளர்ந்து பத்து வருடங்களுக்கு மேலாகச் செய்தி எழுதி வரும் நான், அந்தப் பள்ளிக்கு ஒருநாளும் போனதில்லை. முன்னால் உள்ள வீதியால் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இந்த முறை காசு முடிச்சை எடுத்துக்கொண்டு போனேன். அங்கே கண்டதும் கேட்டதும், அந்த இடத்தைப் பற்றித் தேடி அறிந்ததும்தான் இந்தக் கட்டுரை.

எங்கே இருக்கிறது?

மட்டக்களப்பிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீற்றர் தூரத்தில் கல்முனை இருக்கிறது. களுவாஞ்சிக்குடியைத் தாண்டி அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்தால் ஊர்கள் மாலையில் கோத்த மணிகள்போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரும். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர், மறுபடி ஒரு தமிழ் ஊர். எல்லை எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. ஊர்க்காரருக்கு ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும்.

கல்முனைப் பட்டணத்துக்குத் தெற்கே தொடங்கும் கல்முனைக்குடி முஸ்லிம்கள் நெருக்கமாக வாழும் ஊர். பிரதான வீதியிலிருந்து கிழக்கே கடலை நோக்கித் திரும்பினால் வீடுகள் முடியும் இடத்தில் மணல் தொடங்கும். அங்கே கடலைப் பார்த்தபடி நிற்பதுதான் கடற்கரைப்பள்ளி. நாகூர் ஆண்டகை தர்ஹா ஷரீப் என்பது அதன் மற்றப் பெயர். ஊர் வாயில் கடற்கரைப்பள்ளிதான். தமிழர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

நாகூர் ஆண்டகை யார்?

ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூபி ஞானி. வட இந்தியாவின் மாணிக்கப்பூரில் பிறந்து, குவாலியரில் முகம்மது கவுஸ் என்ற ஞானியிடம் கல்வி பெற்று, பல நாடுகளுக்குப் பயணம் செய்து, கடைசியாகத் தமிழ்நாட்டின் நாகூரில் தங்கியவர். பாக்தாத்தில் அடங்கியிருக்கும் முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் வழித்தோன்றல் என்பது மரபு. அவர் அடங்கிய இடமே நாகூர் தர்கா. அங்குள்ள ஐந்து மினாராக்களில் மிக உயரமானது 131 அடி. அதைக் கட்டிக் கொடுத்தவர் 18ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப் சிங். அவர் ஓர் இந்து.

கரையோர மக்கள் நாகூராரைத் தங்கள் ஆளாக நினைப்பதற்கு ஒரு கதை காரணம். நடுக்கடலில் ஒரு கப்பலில் ஓட்டை விழுந்து தண்ணீர் ஏறுகிறது. கப்பலில் இருந்தவர்கள் நாகூராரை அழைக்கிறார்கள். அந்த நேரம் அவர் நாவிதரிடம் முகம் மழித்துக்கொண்டிருக்கிறார். கையில் இருந்த கண்ணாடியை எடுத்து வீசுகிறார். அது போய்க் கப்பலின் ஓட்டையில் ஒட்டிக்கொள்கிறது, கப்பல் கரை சேர்கிறது. கடலுக்குப் போனவன் திரும்பி வருவானா என்று கரையில் காத்திருக்கும் பெண்களிடம் இந்தக் கதை பரவியதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

அம்மம்மா ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பதும் இந்தக் கதையைக் கேட்டபோதுதான் எனக்கு விளங்கியது. போனவரைத் திருப்பிக் கொண்டுவருபவர் என்ற பெயர் நாகூராருக்கு இருந்திருக்கிறது.

அடக்கம் இல்லாத சியாரம்

முதன்முறை போகிறவர்களுக்குக் குழப்பம் தரும் ஒரு விடயம் உண்டு. நாகூரார் அடங்கியிருப்பது நாகூரில். அப்படியென்றால் கல்முனையில் உள்ள சியாரத்தில் இருப்பது யார்? யாரும் இல்லை. அது அவருடைய நினைவுக்காக எழுப்பப்பட்ட இடம்.

இப்படி நாகூராருக்கு உடல் இல்லாத தர்காக்கள் வேறு இடங்களிலும் உண்டு. தென்னிந்திய முஸ்லிம் வணிகர்களும் மாலுமிகளும் போன இடமெல்லாம் அவரையும் கூடவே கொண்டு போனார்கள். பினாங்கில் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் வீதியில் 1828 – 1830 காலத்தில் கட்டப்பட்ட நாகூர் தர்காவை அந்த நாட்டு அரசு 1974இல் தேசிய நினைவுச் சின்னமாக்கியது. இன்று அது இந்திய முஸ்லிம் மரபுரிமை நிலையமாக இயங்குகிறது. கல்முனையில் விழா அறிவித்தல்களில் போடும் கணக்குப்படி அங்கே கொடியேற்றம் இருநூறாவது வருடத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கு சரியென்றால் சிங்கப்பூர் தர்காவும் கல்முனைப் பள்ளியும் ஏறக்குறைய ஒரே காலத்தவை.

இந்த வழக்கம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. ஜப்பானின் ஷின்டோ மதத்தில் ஒரு பெரிய கோயிலின் தெய்வத்தைப் பிரித்து இன்னோர் ஊரில் எழுந்தருளச் செய்வார்கள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கைக் கொளுத்தினால் முதல் விளக்கின் வெளிச்சம் குறைவதில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும் என்பது அவர்கள் தரும் விளக்கம். கடற்கரைப்பள்ளியைப் பராமரிக்கும் வயதான காக்கா ஒருவரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். “அது அவங்கட மார்க்கம். நம்மட கணக்கு வேற. ஆனா விளக்கு எண்ட பேச்சு சரிதான்” என்றார்.

கொடியேற்றம்

இங்கே வருடாந்த விழா இஸ்லாமிய மாதமான ஜமாதுல் ஆகிர் பிறையோடு தொடங்கும். ஹிஜ்ரி வருடம் நமது நாட்காட்டி வருடத்தைவிடப் பதினொரு நாள் அளவில் குறைந்தது. அதனால் விழா ஒவ்வொரு வருடமும் முன்னால் நகரும். அண்மைய வருடங்களில் அது மாரிகாலத்தில் வருகிறது.

கல்முனைக்குடிப் பெரிய பள்ளிவாசலிலிருந்து கொடி ஊர்வலமாகக் கொண்டுவரப்பட்டுக் கடற்கரைப்பள்ளியில் ஏற்றப்படும். அதன்பின் பன்னிரண்டு நாட்கள் மவ்லித் ஓதப்படும். பக்கீர் பாவாக்கள் றபான் அடித்து றாத்திப் நடத்துவார்கள். கடைசி நாள் கந்தூரி. பெரிய கிடாரங்களில் சோறு ஆக்கி எல்லோருக்கும் கொடுப்பார்கள். நேர்ச்சை வைத்தவர்கள் கொடிச்சீலையும் சீனியும் பேரீச்சம்பழமும் கொண்டு வருவார்கள். ஓதிப் பங்கிடும் இனிப்பை இங்கே நார்சா என்பார்கள்.

பள்ளியைச் சுற்றி மணலில் கடைகள் முளைக்கும். கச்சான், மஸ்கட், தொதல், வளையல், பலூன். கோயில் திருவிழாவுக்குப் போய்ப் பழகிய ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு நடந்தால் மணத்தில் வித்தியாசம் தெரியாது. கொடியேற்றம் என்ற சொல்லே இரண்டு பக்கத்துக்கும் பொதுவானது. நாங்கள் நேர்த்தி என்பதை அவர்கள் நேர்ச்சை என்பார்கள்.

எங்கள் ஆட்களும் போனார்கள்

“ஒங்கட ஊர்ப் பக்கத்து ஆக்கள் முந்தி வண்டில் கட்டிக்கொண்டு வாறவங்க மகள்” என்றார் காக்கா. “கொடியேத்துற அண்டைக்கு மணல்ல பாய் விரிச்சு இரிப்பாங்க. புள்ளைக்குக் காய்ச்சல் எண்டா, தோணி கரைக்கு வரல்ல எண்டா, இஞ்சதான் வருவாங்க.”

இதைக் கேட்டு ஆச்சரியப்பட எதுவும் இல்லை. இந்தக் கரையின் தமிழர்களும் முஸ்லிம்களும் பேசுவது ஒரே தமிழ். சில சொற்களும் இழுவையும் மட்டும் மாறும். இரு சமூகத்திலும் தாய்வழியாக வரும் குடி முறை இருக்கிறது. தாயின் குடிதான் பிள்ளையின் குடி. கோயில்களில் குடிக்கு ஒரு வண்ணக்கர் இருப்பதுபோல, பள்ளிவாசல்களில் குடிக்கு ஒரு மரைக்கார் இருப்பது பழைய வழக்கம். வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். 1969இல் அக்கரைப்பற்றில் ஆய்வைத் தொடங்கிய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இந்த ஒற்றுமைகளைப் பல பத்தாண்டுகளாகப் பதிவு செய்து எழுதியிருக்கிறார். அதே மனிதர்கள் அரசியலிலும் காணியிலும் எவ்வளவு தூரம் பிரிந்து நின்றார்கள் என்பதையும் அவர் சேர்த்தே எழுதினார்.

அந்த இரண்டாவது பகுதியை விட்டுவிட்டு முதல் பகுதியை மட்டும் சொல்வது நம்மில் பலருக்குப் பழக்கமாகிவிட்டது. பிட்டும் தேங்காய்ப்பூவும்போல வாழ்ந்தோம் என்பது மேடைப் பேச்சு. வயல் எல்லையிலும் பிரதேச செயலகப் பிரிப்பிலும் சந்தைக் கடையிலும் சண்டை இருந்தது, இன்றும் இருக்கிறது. சண்டை பிடிக்கும் இருவருக்கும் போகக்கூடிய ஓர் இடமாகத்தான் கடற்கரைப்பள்ளி இருந்தது. எதிர் ஊருக்குள் நுழைய ஒரு காரணத்தை அது தந்தது. வருடத்தில் ஒருநாள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் போய் உட்கார்ந்துவிட்டு வரலாம். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது சரியல்ல என்று நினைக்கிறேன்.

1990

1990 ஜூன் 11ஆம் திகதி இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கியது. கிழக்கில் பொலிஸ் நிலையங்கள் விடுதலைப் புலிகளிடம் வீழ்ந்தன, சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸார் கொல்லப்பட்டார்கள். இராணுவம் கல்முனையை மீளக் கைப்பற்றியபோது தமிழர்கள் பலர் கொல்லப்பட்டார்கள், பலர் காணாமலாக்கப்பட்டார்கள். ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் கொல்லப்பட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஏறாவூரிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே ஓகஸ்டில் சம்மாந்துறைக்கு அருகே வீரமுனையில் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒரு கோடைக்குள் இவ்வளவும் நடந்து முடிந்தன. தொழுகை நேரமும் கோயில் வாசலும் கொலைக்களமான பிறகு, எந்தத் தமிழ்ப் பெண் கல்முனைக்குடி ஒழுங்கையால் நடந்து போய்ப் பள்ளியில் கொடிச்சீலை கொடுப்பாள்? எந்த முஸ்லிம் பெண் தமிழ் ஊர்க் கோயிலடிக்கு வருவாள்? யாரும் தடை போடவில்லை. ஆட்கள் போகாமல் விட்டார்கள். ஒரு வருடம் போகாவிட்டால் அடுத்த வருடமும் போவது கடினம். பத்து வருடம் போகாவிட்டால் பிள்ளைகளுக்கு அந்த வழியே தெரியாது. எனக்குத் தெரியாமல் போனது இப்படித்தான்.

அம்மம்மா அந்தக் கோடையில்தான் காசு முடிந்தார். நேர்ந்த இடத்துக்குப் போக முடியாத காலத்தில் அவர் நேர்ந்தார். தன் மகனைக் கொண்டுபோனவர்கள் மீதும், பக்கத்து ஊர் ஊர்காவல் படை மீதும் அவருக்கு இருந்த கோபத்தை நான் சிறுவயதில் நிறையக் கேட்டிருக்கிறேன். அந்தக் கோபத்தை அவர் நாகூராரோடு சேர்த்துப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் தெரிகிறது.

அலை வந்த நாள்

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். இந்தக் கரையில் காலை ஒன்பது மணிக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இலங்கை முழுவதும் 35,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். மாவட்ட ரீதியில் ஆகக்கூடிய இழப்பு அம்பாறைக்கு. பத்தாயிரம் பேருக்கு மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களில் கடலை ஒட்டிய வீட்டு வரிசைகள் அடியோடு போயின. அலை தமிழர் ஊர், முஸ்லிம் ஊர் என்று பார்க்கவில்லை என்று அப்போது எல்லோரும் சொன்னார்கள். நிவாரணம் வந்தபோது அந்தப் பிரிவினை திரும்பவும் வந்தது.

கரையோடு நின்ற கடற்கரைப்பள்ளிக்குள்ளும் கடல் புகுந்து போனது. பிறகு அது திருத்தப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்த காலம் அது. வீடுகள் பின்வாங்கின, பள்ளி இருந்த இடத்திலேயே நின்றது. கொடியேற்றமும் திரும்பத் தொடங்கியது.

ஜப்பானைப் பற்றி இங்கே இன்னொன்றும் சொல்ல வேண்டும். செண்டாய் நகருக்கு அருகே, கடலிலிருந்து ஐந்து கிலோமீற்றருக்கும் அப்பால், வயல்களுக்கு நடுவே நமிவாக்கே என்ற சிறிய ஷின்டோ கோயில் ஒன்று இருக்கிறது. அலை பிரிந்த இடம் என்பது பெயரின் பொருள். 1611ஆம் ஆண்டு வந்த ஆழிப்பேரலை அந்த இடத்தில் பிரிந்து வடிந்தது என்பது ஊர்க் கதை. 2011 மார்ச் 11ஆம் திகதி மறுபடி பேரலை வந்தபோது, தண்ணீர் அந்தக் கோயிலுக்குக் கிட்டத்தான் நின்றது. அந்தக் கோயில் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்க ஆள் குறைந்து போயிருந்தது என்று பிறகு பேசினார்கள்.

எங்கள் கரையில் அப்படி அலையைப் பற்றிச் சொல்லும் பழைய அடையாளம் எதுவும் இருக்கவில்லை. கடல் உள்வாங்கியபோது பிள்ளைகள் மீன் பொறுக்கப் போனார்கள். இனி வரும் தலைமுறைக்குச் சொல்ல இருக்கும் அடையாளங்களில் கடற்கரைப்பள்ளியும் ஒன்று. முன்னால் வீடுகள் இருந்த இடம் வெறுமையாகக் கிடப்பதை அங்கே நின்றால் காணலாம்.

உள்ளே நடக்கும் விவாதம்

தர்கா வழிபாட்டை எல்லா முஸ்லிம்களும் ஏற்பதில்லை. இறைவனைத் தவிர வேறு யாரிடமும் எதையும் கேட்கக்கூடாது, சியாரத்தில் கொடியும் கந்தூரியும் மார்க்கத்தில் இல்லாதவை என்று சொல்பவர்கள் கடந்த நாற்பது வருடங்களில் கிழக்கில் பெருகியிருக்கிறார்கள். அந்தக் கருத்தை நேர்மையாக நம்புகிறவர்கள் பலர். “நாங்களும் அல்லாஹ்கிட்டத்தான் கேக்கிற. அவ்லியா ஒரு வசீலா” என்பது மறுபக்கத்தின் பதில். வசீலா என்றால் இடையில் நின்று சேர்த்து வைக்கும் வழி.

இந்த வாதம் பேச்சோடு நின்றவரை யாருக்கும் பாதகமில்லை. காத்தான்குடியில் அது சூபி வழியினர் மீதான வன்முறையாக மாறியது. அப்படியான மோதலொன்றை 2017 மார்ச்சில் நடத்தியவர்கள்தான் 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டு வைத்தவர்கள். ஐந்து நாள் கழித்து, ஏப்ரல் 26 இரவு, கல்முனைக்குடிக்கு அடுத்த ஊரான சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் அவர்களில் எஞ்சியவர்கள் சுற்றிவளைக்கப்பட்டபோது குண்டுகளை வெடிக்க வைத்து, தங்கள் குழந்தைகளையும் சேர்த்துக் கொன்றார்கள். அவர்களைப் பற்றிப் படையினருக்குத் தகவல் கொடுத்தவர்கள் அந்த ஊர் முஸ்லிம்கள். அதற்குப் பின்னால் வந்த மாதங்களில் சந்தேகமும் சோதனையும் புறக்கணிப்பும் அதே ஊர் மக்கள் மீதுதான் விழுந்தன.

வெளியிலிருந்தும் ஆபத்து வந்திருக்கிறது. 2011 செப்டெம்பரில் அனுராதபுரத்தில் ஒரு தர்கா பௌத்த பிக்குகள் தலைமையிலான கூட்டத்தால் இடிக்கப்பட்டது. குரகலவில் உள்ள தப்தர் ஜீலானி பல வருடங்களாக நெருக்கடியில் இருக்கிறது. தொல்பொருள் என்ற பெயரில் கிழக்கில் கோயில்களைச் சூழ்ந்து நடப்பதை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

போக விரும்புவோருக்கு

மட்டக்களப்பு – அக்கரைப்பற்று பஸ்ஸில் கல்முனையில் இறங்கி ஓட்டோவில் போகலாம். கடற்கரைப்பள்ளி என்று சொன்னால் போதும், யாரும் கூட்டிப் போவார்கள். செருப்பை வெளியே கழற்ற வேண்டும். ஆணும் பெண்ணும் தலையை மூடிக்கொள்வது மரியாதை. கை, கால் மறையும் உடுப்போடு போவது நல்லது. தொழுகை நேரத்தில் வெளியே காத்திருங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிருங்கள். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். தேங்காய் உடைப்பது, கற்பூரம் கொளுத்துவது போன்ற எங்கள் வழக்கங்களை அங்கே கொண்டுபோக வேண்டாம். கொடியேற்றத் திகதி பிறையைப் பொறுத்தது, ஆகவே புறப்படுமுன் கல்முனையில் தெரிந்தவர்களிடம் விசாரியுங்கள்.

இதே பயணத்தில் பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலையும் பார்க்கலாம். பதினெட்டு நாள் பாரதச் சடங்கும் தீமிதிப்பும் நடக்கும் கோயில் அது. கடற்கரைப்பள்ளிக்கு அங்கிருந்து சில கிலோமீற்றர்தான்.

காசு

நான் போனது கொடியேற்றத்துக்குச் சில வாரங்கள் முன், ஒரு புதன்கிழமை பின்னேரம். மழை விட்டிருந்தது. பள்ளியின் முன் கரைவலைக்காரர்கள் வலையை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். சியாரத்தருகே இரண்டு பெண்கள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். காக்கா என்னை வெளி விறாந்தையில் இருத்தி, எந்த ஊர், யாருடைய பிள்ளை என்று விசாரித்தார். முடிச்சை எடுத்துக் காட்டி முழுக் கதையையும் சொன்னேன். இதை நான் உண்டியலில் போடலாமா என்று கேட்டேன்.

அவர் முடிச்சைக் கையில் வாங்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவங்க என்ன எண்டு நேந்தாங்க?”

“மாமா திரும்பி வந்தா எண்டு.”

“வந்தாரா?”

“இல்ல.”

“அப்ப இது கடனில்ல மகள். வந்தாத்தான் கடன். வராட்டி ஆண்டகைக்கு ஒண்டும் குடுக்கத் தேவையில்ல. நீங்க போட விருப்பமெண்டா போடலாம், நான் மறிக்கல்ல. உம்மாட்டக் கேட்டீங்களா?”

நான் கேட்டிருக்கவில்லை. அங்கிருந்தே அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். காக்கா சொன்னதைச் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “போடாத. திருப்பிக் கொண்டு வா” என்றார்.

ஏன் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கு மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். எடுத்தால் இவ்வளவு பணம், எடுக்காவிட்டால் ஒன்றுமில்லை. அம்மம்மா கடைசிவரை எடுக்கவில்லை. அந்த இருபத்தொரு ரூபாயை உண்டியலில் போடுவதும் அம்மாவுக்கு அந்தச் சான்றிதழில் கையெழுத்து வைப்பதுபோலத்தான். காணாமலாக்கப்பட்டவர்களின் குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இது விளங்கும். காத்தான்குடிக்குத் திரும்பும் வழியில் கடத்தப்பட்டுத் திரும்பி வராத முஸ்லிம்களின் வீடுகளிலும் இப்படி எத்தனை முடிச்சுகள் இருக்குமோ என்று அந்த விறாந்தையில் இருந்து யோசித்தேன்.

என் கையிலிருந்து ஐந்நூறு ரூபாயைக் கந்தூரிக்கு என்று கொடுத்தேன். அதைக் காக்கா வாங்கினார். சீனியும் இரண்டு பேரீச்சம்பழமும் கடதாசியில் மடித்துத் தந்தார். “கொடியேத்தத்துக்கு உம்மாவையும் கூட்டிக்கிட்டு வாங்க. காசோட வரணும் எண்டில்ல” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பேரீச்சம்பழத்தைக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார். பழைய சீலைத் துண்டு நைந்திருந்ததால், புதிதாக ஒரு வெள்ளைத் துண்டு கிழித்து, மஞ்சள் தடவிக் காய வைத்து, பத்துக் குற்றிகளையும் எண்ணி மறுபடி முடிந்தார். அதைத் தன்னுடைய அலுமாரியில், மாமாவின் புகைப்படத்தோடு வைத்தார்.

“கொடியேத்தத்துக்குப் போவம். காசு இஞ்சயே கிடக்கட்டும்” என்றார்.